நில மட்டத்துக்குக் கீழே

சமையலுக்குத் தூளுப்பு போதும். மண்ணுக்குக் கல்லுப்புதான் நல்லது. தூளுப்பு ஒரு மழையில் போய்விடும். கல்லுப்பு மெதுவாகக் கரையும், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் எழுதமாட்டார்கள். என் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். முப்பத்தொரு வருட சேவை. வரும் மார்ச்சில் ஓய்வு. பெயர் பலீல், உங்கள் படிவத்தில் இருக்கிறது. அலுவலகத்தின் பெயரும் இருக்கிறது, அதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. மேசையில் நீங்கள் வைத்திருக்கும் தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியையும் பார்த்தேன். அதில் இருப்பது யாருடைய எழுத்து என்று தெரியும். கேள்விகளைக் கடைசியில் கேளுங்கள். நான் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஒழுங்காகச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். கேட்பதற்கு யாருக்கும் சம்பளம் தரவில்லை போலிருக்கிறது.

மின்சார வாகனங்கள் இறக்குமதியாகத் தொடங்கியதும் வீதியோரங்களில் சார்ஜர் வைக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அரசாங்கத்தால் தனியாகச் செய்ய முடியாது. தனியாராலும் முடியாது. ஆகவே தனியாகச் செய்யமுடியாத இருவரும் சேர்ந்து செய்வது என்று முடிவாயிற்று. அதற்கு அரச தனியார் பங்குடைமை என்று பெயர். எங்கள் பக்கத்துக்கு ஏழு நிலையங்கள். அரசு காணி தரும், மின் இணைப்பு தரும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் தரும். கம்பெனி இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்து நடத்தும்.

ஒப்பந்தம் தொண்ணூற்று நான்கு பக்கம். நான் இரண்டு முறை வாசித்தேன். வேறு யாரும் ஒரு முறைகூட வாசிக்கவில்லை என்பதை அவர்களோடு பேசினால் தெரிந்துகொள்ளலாம். அதில் ஒரு வசனம் இருந்தது. நில மட்டத்துக்கு மேலே இருப்பவை யாவும் கம்பெனியின் பொறுப்பு, நில மட்டத்துக்குக் கீழே இருப்பவை யாவும் அரசின் பொறுப்பு. எழுதியவருக்கு அது மிகத் தெளிவாகத் தோன்றியிருக்கும். அவர் ஒரு எர்த் கம்பியை வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார்.

எர்த் கம்பி நான்கு அங்குலம் மேலே தெரியும். மிச்சம் மண்ணுக்குள் போகும்.

உங்களுக்கு விளங்குவதற்காகச் சொல்கிறேன். இயந்திரத்துக்குள் எங்காவது மின்சாரம் கசிந்து வெளிப் பெட்டியின் இரும்பில் ஏறினால், அது மண்ணுக்குப் போக ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் எர்த். அந்த வழி சரியில்லாவிட்டால், பெட்டியை யார் தொடுகிறானோ அவன் உடம்பு வழியாக அது மண்ணுக்குப் போகும். அவன் காலில் ரப்பர் இருந்தால் போகாது. வெறுங்காலாக இருந்தால் போகும். ஈரமாக இருந்தால் சந்தோஷமாகப் போகும். இது பத்தாம் ஆண்டுப் பாடம்.

எங்கள் முதலாவது நிலையம் நாலந்தாவைத் தாண்டி நாவுலைக்குப் போகும் வழியில், ஏ-ஒன்பது வீதியோரம். முப்பது வருடமாக யாருக்கும் தேவைப்படாத காணி. அதனால்தான் அது அரசின் கையில் மிஞ்சியிருந்தது. மேலே இரண்டரை அடி மண். அதற்குக் கீழே கல். அந்தக் காணியால் பிழைத்தவன் ஒரே ஒருவன், ஜெயக்காந்தன். மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன். தோட்ட வேலையை விட்டு இறங்கி வந்து, அங்கே ஒரு தகரக் கொட்டகை போட்டுத் தம்பிலி இளநீர் வெட்டி விற்றான். அவன் மனைவி சந்திரகாந்தா, வீதியில் அரை மைல் தள்ளி இருக்கும் வாசனைத் தோட்டத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கறுவாப் பட்டை உரித்துக் காட்டும் வேலை செய்தாள்.

ஒப்பந்தத்தின் அறுபத்தோராம் பக்கத்தில் உள்ளூர் வேலைவாய்ப்பு என்று ஒரு தலைப்பு இருந்தது. அதை நிறைவேற்ற உள்ளூர் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஜெயக்காந்தனின் கொட்டகையைப் பத்தடி தள்ளி வைத்து, அவனுக்குக் கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட் ஒன்றைக் கொடுத்து, நிலைய உதவியாளர் ஆக்கினார்கள். வாகனத்துக்கு மின்னேற்றுகிறவர்கள் முக்கால் மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். தம்பிலி முன்னைவிட நன்றாக விற்றது. இந்தத் திட்டத்தில் உண்மையாகவே நன்மை அடைந்த ஒரே ஆள் அவன்தான் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

எர்த் கம்பிகள் மூன்று, ஒவ்வொன்றும் எட்டடி. வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரனின் ஆட்கள் அடித்துப் பார்த்தார்கள். இரண்டரை அடியில் கல். ஆகவே இரண்டரை அடி விட்டு மிச்சத்தை இரும்பறுக்கும் வாளால் அறுத்தார்கள். மேலே நான்கு அங்குலமும் பளபளப்பாக, பிடி போட்டு, பச்சைக் கம்பி சுற்றி, அழகாக இருந்தது. மிச்சம் லொறியில் தார்ப்பாய்ப் படங்கின் கீழே கிடந்தது. நான் படங்கைத் தூக்கிப் பார்த்தேன். படங்கைத் தூக்கிப் பார்க்கும் ஆள் என்று எனக்குப் பெயர் உண்டு. அதை யாரும் புகழ்ச்சியாகச் சொல்வதில்லை.

எர்த்தின் மின்தடையை அளந்தேன். பத்துக்குக் கீழே இருக்க வேண்டிய எண் நூற்று எண்பது காட்டியது.

கம்பெனியின் பிரதேச முகாமையாளர் கிஷாந்த். முப்பது வயது. கண்டியில் படித்தவர். கையில் எப்போதும் இரண்டு கைபேசி. அவரிடம் அறுத்த துண்டு ஒன்றைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"பலீல் சேர், காணி தந்தது யாரு?"

அரசு என்றேன்.

"அப்ப கல்லு யாரோடது? அரசாங்கத்தோட கல்லு சேர். எங்க மெஷின் மேல ஒரு கொற சொல்லுங்க, இப்பவே மாத்துறேன். ஒங்க கல்லுக்கு நான் என்ன செய்ய?"

மேலே தெரியும் நான்கு அங்குலம் தங்களுடையது என்றும், அது முதல் தரமானது என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் ஒப்பந்தத்தை வாசித்திருந்தார், அந்த ஒரு வசனத்தை மட்டும்.

மூன்று கடிதங்கள் எழுதினேன். பிரதிகள் கோப்பில் இருக்கின்றன, திகதியோடு. முதலாவது என் மேலதிகாரிக்கு. அவர் அதைக் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னார். இரண்டாவது கம்பெனிக்கு. அவர்கள் நில மட்டம் பற்றிய வசனத்தைப் பிரதி செய்து அனுப்பினார்கள். மூன்றாவது அமைச்சுக்கு. கல்லைத் துளைத்துக் கம்பி இறக்க வேண்டும் என்றும், அது இரண்டு நாள் வேலை என்றும், அதுவரை திறக்கக்கூடாது என்றும் எழுதினேன். தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. அந்தக் கவனம் எந்த மேசையில் கிடக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திறப்பு விழாவுக்கு ஒரு வியாழக்கிழமை குறிக்கப்பட்டிருந்தது. சுபநேரம் காலை பத்து நாற்பத்திரண்டு. சுபநேரம் குறித்தவரிடம் யாரும் எர்த் பற்றிக் கேட்கவில்லை. இரண்டு நாள் இருக்கும்போது மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். கல்லைப் பற்றிப் பிறகு பார்ப்போம், சான்றிதழை இன்றைக்கு அனுப்பு என்று சிங்களத்தில் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் நாவுலையில் கல்லுப்பு வாங்கிக்கொண்டு போனேன். ஜெயக்காந்தன் தண்ணீர் சுமந்தான். எர்த் கம்பிகள் இறங்கிய குழியைச் சுற்றி உப்பைக் கொட்டி வாளி வாளியாக ஊற்றினோம். அளந்தால் நாற்பது. இன்னும் ஊற்றினோம். இருபத்திரண்டு. பொழுது சாயும்போது பதினொன்று. ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய ஒரே பிழையான எண் அது. பிழை என்பதும் பெரிய சொல். இன்னும் இரண்டு வாளி ஊற்றியிருந்தால் ஒன்பது வந்திருக்கும். ஜெயக்காந்தனுக்கு முதுகு வலித்தது, அதனால் நிறுத்தினேன். அவன் மேல் எனக்கு இரக்கம் இருந்ததற்கு இதையும் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

விழா நடந்தது. நாடா வெட்டினார்கள். கிரிபத் பாற்சோறு கொடுத்தார்கள். பிரமுகர் ஒருவர் இரவல் வாங்கிய மின்சாரக் காரில் பிளக்கைச் செருகிப் படம் எடுத்துக்கொண்டார். காரின் மூடி திறக்கவில்லை, பிளக்கை மூடிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். படத்தில் அது தெரியாது.

எல்லோரும் போன பிறகு ஜெயக்காந்தன் தனியாக ஒரு விழா வைத்தான். செருப்பைக் கழற்றி ஓரத்தில் ஜோடியாக வைத்தான். பெட்டியை ஈரத் துணியால் மேலிருந்து கீழே துடைத்தான். திரையின் மேல் மூன்று கோடு விபூதி இழுத்தான், நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தான். சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். தோட்டத்து மக்கள் லொறிக்குச் செய்வார்கள், கொழுந்து நிறுக்கும் தராசுக்குச் செய்வார்கள். சார்ஜருக்கும் செய்தான். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக் காலையும் செய்தான். நான் தடுக்கவில்லை. இயந்திரத்தைக் கும்பிடுகிறவனையும், இயந்திரத்தோடு படம் எடுத்துக்கொள்கிறவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலாமவன் பரவாயில்லை.

இரண்டாவது கிழமை ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. கசிவு இருந்தால் அது விழ வேண்டும், விழுவதுதான் அதன் வேலை. ஏழு நாளில் ஒன்பது முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் நிலையம் நின்றது. நிலையம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வீதம் இயங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கம்பெனியின் ஆள் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி ஒரு கம்பி போட்டு இணைத்துவிட்டுப் போனான். பிறகு அது விழவில்லை. நிலையம் நூற்றுக்கு நூறு வீதம் இயங்கியது. கிஷாந்த் அதற்கு ஒரு வரைபடம் போட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்.

கம்பி போட்டதை நான் பார்த்தேன். நான்காவது கடிதம் எழுதவில்லை. மூன்றுக்குப் பதில் கிடைக்காதவன் நான்காவது எழுதினால் அது கடிதம் இல்லை, கெஞ்சல்.

அந்தக் கிழமையே ஜெயக்காந்தன் சொன்னான்.

"சேர், பொட்டியத் தொட்டா கை சுர்ருங்குது."

"எவ்வளவு?"

"எறும்பு மாதிரி. அந்திக்கு, தண்ணி ஊத்தாத நாளையில, தேளு மாதிரி."

அளவுகருவி இல்லாமல் அவன் அதைச் சரியாகவே அளந்திருந்தான். மறுநாள் மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தடித்த ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். என் கைக்காசு. இதைப் போடாமல் பெட்டியைத் தொடாதே என்றேன். புதிதாக இருக்கிறதே என்று முதல் நாள் போடாமல் கொட்டகையில் தொங்கவிட்டிருந்தான். திட்டினேன். பிறகு போட்டான்.

இரண்டாவது ஏற்பாடு தண்ணீர். தினமும் பின்னேரம் நான்கு மணிக்கு மூன்று வாளி, வாளிக்கு ஒரு கை கல்லுப்பு. ஊற்றியதும் கொப்பியில் எழுத வேண்டும். ஊற்றாவிட்டால் ஏன் ஊற்றவில்லை என்று எழுத வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை என்று அவனுக்குச் சொன்னேன். அவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். உங்கள் மேசையில் இருக்கும் அந்தக் கொப்பியைப் புரட்டினால் தெரியும். மூணு வாளி. மூணு வாளி. மூணு வாளி. பைப்புல தண்ணி இல்ல, ஓடைல அள்ளினேன், மூணு வாளி. காய்ச்சல், சந்திரகாந்தா ஊத்துச்சு, மூணு வாளி.

கொழும்புக் கார்க்காரர் ஒருவர் தம்பிலி குடித்துக்கொண்டே, வெறும் கம்பிக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டாராம். "பொட்டிக்குத் தாகம் சேர்" என்றானாம். அவர் அதைப் படம் பிடித்துப் போட, ஆயிரக்கணக்கானோர் சிரித்தார்கள். அத்தனை பேரில் ஒருவராவது எர்த் என்று ஒரு சொல் எழுதியிருந்தார்களா என்று தேடினேன். இல்லை.

பிறகு உப்புத் தட்டுப்பாடு வந்தது. கடைகளில் வரிசை. வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். என் மனைவி நிஷ்மியா வாசலில் நின்று பையைப் பார்த்தாள்.

"ஊட்டுல கறிக்கு உப்பில்ல. நீங்க ஊர்க் கல்லுக்கு உப்பு சொமக்கிறீங்க."

அவள் சொன்னது சரி. ஒரு அரசாங்கமும் ஒரு கம்பெனியும் தொண்ணூற்று நான்கு பக்கமும் சேர்ந்து கட்டிய நிலையம், அலுவிகாரையில் உள்ள என் குசினியிலிருந்து எடுத்த உப்பில் நின்றுகொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் ஜெயக்காந்தனுக்கும். அவன் நான் சொன்னதை ஏன் என்று கேட்காமல் செய்தான். என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த வேறொருவரை நான் அரச சேவையில் கண்டதில்லை.

ஓகஸ்ட் மாதம் மீளாய்வுக் குழு வருவதாக அறிவித்தார்கள். எங்கள் நிலையம் மாதிரி நிலையம் என்று தெரிவாகியிருந்தது. நூற்றுக்கு நூறு வீதம் இயங்கிய நிலையம் அது ஒன்றுதான். குழு பார்த்துத் திருப்தி அடைந்தால் இதே மாதிரியில் நாடு முழுக்க இன்னும் நாற்பது கட்டுவார்கள். குழுத் தலைவர் தம் கையாலேயே பிளக்கை எடுத்துச் செருகுவார், தொலைக்காட்சி வரும் என்று கிஷாந்த் சொன்னார்.

நாற்பது. இதை நினைத்துப் பாருங்கள். நாற்பது இடத்தில் இரும்பறுக்கும் வாளால் அறுத்த கம்பி. நாற்பது இடத்தில் உப்பு சுமக்க நான் இல்லை.

தலைவரின் கையில் ஒரு தடவை சுர்ரென்றால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அடிபட வேண்டாம், எரிய வேண்டாம். தேள் கொட்டினாற்போல ஒன்று, தொலைக்காட்சிக்கு முன்னால். மறுநாளே என் மூன்றாவது கடிதத்தைத் தேடி எடுப்பார்கள். இது நியாயமான யோசனை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வியாழனா வெள்ளியா என்று அமைச்சிலிருந்து கேட்டார்கள். வெள்ளி என்றேன். வெள்ளிக்கிழமை எனக்கு ஜும்ஆத் தொழுகை. அவர்களை நேரத்தோடு அனுப்பிவிடலாம். காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெயக்காந்தனுக்கு அழைப்பு எடுத்தேன். இன்றிலிருந்து வெள்ளி வரை குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றேன்.

"ஏன் சேர்?"

அதுவரை அவன் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை. நான் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன்.

"பெரிய ஆக்கள் வாராங்க. தர ஈரமா இருந்தா சப்பாத்துல சேறு படும்."

"வெயிலு காயுதே சேர். மூணு நாளு விட்டா பொட்டில கரண்டு நல்லா ஏறிக்கும்."

"செருப்பு இருக்குத்தானே?"

"இருக்கு சேர்."

"அப்ப என்ன?"

"சரி சேர். நீங்க சொன்னா சரி."

இதுதான் நீங்கள் கேட்க வந்தது. ஆம், நான்தான் நிறுத்தச் சொன்னேன். கொப்பியில் கடைசி மூன்று வரியிலும் அவன் அதைத்தான் எழுதியிருக்கிறான். பலீல் சேர் வேணாம்னாரு. பலீல் சேர் வேணாம்னாரு. பலீல் சேர் வேணாம்னாரு. ஊற்றாவிட்டால் காரணம் எழுத வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவன் எதையும் மறப்பதில்லை.

ஓகஸ்டில் அந்தப் பக்கம் மழை இல்லை. மூன்று நாளில் குழி வெடித்திருந்தது. வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கு நான் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில், நிழலில் நின்றேன். பெட்டிக்கும் எனக்கும் இருபது அடி வைத்து நடக்கும் தூரம். பிரதான சுவிட்சின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

எட்டு மணிக்கு அவர்கள் வரவில்லை. எட்டேகாலுக்கு வரவில்லை. வழியில் தம்புள்ளைப் பக்கம் காலைச் சாப்பாடு என்று பிறகு தெரிந்தது. அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் இந்த வாக்குமூலத்துக்கே தேவை இருந்திருக்காது. அதையும் பதிவு செய்யுங்கள்.

எட்டரைக்கு ஜெயக்காந்தன் கொட்டகைக்குப் பின்னால் முகம் கைகால் கழுவிக்கொண்டு வந்தான். டீ-ஷர்ட்டைத் துவைத்துப் போட்டிருந்தான். கையில் வாளியும் துணியும், ஒரு தட்டில் விபூதியும் சந்தனமும். என்னைப் பார்த்து, பெரியவங்க வாரதுக்கு முன்னாடி முடிச்சிடுறேன் சேர் என்றான். நான் தலையாட்டினேன்.

செருப்பைக் கழற்றினான். நான் வாங்கிக் கொடுத்த செருப்பு. வழக்கம்போல ஓரத்தில் ஜோடியாக வைத்தான். துணியைப் பிழிந்தான். அது நன்றாகப் பிழியப்படவில்லை, தண்ணீர் முழங்கை வரை வழிந்தது. நான் நேரத்தைப் பார்த்தேன். எட்டு முப்பத்தாறு.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மூன்று நாளையும் சொல்ல வேண்டும்.

சத்தம் எதுவும் வரவில்லை. படங்களில் காட்டுவது போல ஆளைத் தூக்கி எறியவும் இல்லை. பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். பெட்டியோடு நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவன் கும்பிடுவது போலத்தான் இருந்திருக்கும். நான் போய்ச் சுவிட்சைத் திறந்து அணைத்தேன். நடந்துதான் போனேன். ஓடி விழுகிற வயது எனக்கு.

குழு ஒன்பதேகாலுக்கு வந்தது. தலைவர் வாகனத்தை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றினார். கிஷாந்த் மட்டும் இறங்கினார். இரண்டு கைபேசியும் கையில். சேலைத் துண்டால் மூடியிருந்த ஆளைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் ஜோடியாக இருந்த செருப்பைப் பார்த்தார். அதைத்தான் படம் எடுத்தார்.

"செருப்ப ஏன் சேர் கழட்டினாரு?"

கம்பெனியின் அறிக்கை அதே வசனத்தில் ஆரம்பித்தது. பாதுகாப்புக் காலணி வழங்கப்பட்டிருந்தும் பணியாளர் அதை அணியவில்லை. என் கைக்காசில் வாங்கியது, அவர்கள் வழங்கியதாக ஆயிற்று. நில மட்டத்துக்கு மேலே இருந்ததால் இருக்கலாம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாளில் ஏழு நிலையங்களிலும் கல்லைத் துளைத்தார்கள். கம்பிகளை எட்டடி முழுதாக இறக்கினார்கள். ட்ரிப் சுவிட்சுகளை மாற்றினார்கள். எங்கள் நிலையத்தின் பெட்டிக்குள் ஒரு கம்பியின் உறை உரசித் தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அமைச்சு ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. அதன் மூன்றாவது பத்தி என் மூன்றாவது கடிதத்தின் இரண்டாவது பத்தி, ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. நாற்பது புதிய நிலையங்களுக்கும் அதுதான் விதி. நேற்றுப் போய் அளந்தேன். நாலு. உப்பில்லாமல், தண்ணீரில்லாமல், ஓகஸ்ட் வெயிலில் காய்ந்த மண்ணில் நாலு. முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு நல்ல எண்ணை நான் பார்த்ததில்லை.

சந்திரகாந்தா அலுவலகத்துக்கு ஒரு தடவை வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசனைத் தோட்டத்திலிருந்து நேரே வந்திருந்தாள், கையில் கறுவா வாசம்.

"சேர், காய்ச்சல்ல கெடந்தப்பவும் என்னைய அனுப்பி ஊத்த வச்ச மனுசன் அவரு. மூணு நாளு ஊத்தாம இருப்பாரா?"

விசாரணையில் தெரியவரும் என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை என்பதை இப்போது நீங்களே பார்க்கிறீர்கள். அவள் போகத் திரும்பினாள்.

"அந்தக் கொப்பி எங்கிட்டதான் இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சவங்கக்கிட்ட குடுக்கிறேன்."

எழுதியது அவன், கொண்டுவந்தது அவள், வாசித்தது நீங்கள். நான் எழுதியவற்றை யாராவது இவ்வளவு கவனமாக வாசித்திருந்தால் இந்த மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்கமாட்டேன்.

நான் குறிவைத்தது தலைவரின் கையை. ஜெயக்காந்தன் எனக்கு விரோதி இல்லை. அவன் நேரத்துக்கு வந்தான், அவர்கள் வரவில்லை. இவ்வளவுதான் என் வாக்குமூலம். இனி கேளுங்கள்.

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். ஆம், அன்று வந்த எல்லோரும் சப்பாத்துதான் போட்டிருந்தார்கள். எப்போதும் அப்படித்தான் வருவார்கள். ஆம், ரப்பர் அடி வைத்த சப்பாத்து. அதோடு தொட்டால் தேள் இல்லை, எறும்புகூடக் கடிக்காது. அது எனக்குத் தெரியும், ஜெயக்காந்தனுக்குச் செருப்பு வாங்கிக் கொடுத்ததே அதற்குத்தான். சப்பாத்தில் சேறு படும் என்று அவனிடம் சொன்னதும் நான்தான்.

அப்படியானால் அந்தக் காணியில் அன்று வெறுங்காலோடு அதைத் தொடக்கூடியவன் யார் என்று கேட்கிறீர்கள்.

அது அப்போது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.